டீத்தூள் கூரியர்ல வந்துடும், மிச்சம்?

கேள்வி: வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து தனியா ரூம் எடுத்து தங்கியிருக்கேன் சார். ஒரு கப் டீ குடிச்சா தான் வீட்ல இருக்கற மாதிரி இருக்கும், ஆனா நான் போடற டீல அந்த ஃபீல் வரவே மாட்டேங்குது. வீட்ல வாங்கற அதே டீத்தூளை கூரியர்ல வரவழைச்சும் பாத்துட்டேன், ம்ஹூம். இந்த கப்ல வரலைன்னா அடுத்த கப்ல வரும்னு நாள் முழுக்க குடிச்சுட்டே இருக்கேன், ராத்திரி தூக்கமும் போச்சு. ஆஃபீஸ் ஃப்ரெண்ட் இது அடிக்‌ஷன்னு சொல்றான். நல்ல பீங்கான் டீ செட் வாங்கினா சரியாகுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: உங்க லெட்டர்ல டீத்தூள் இருக்கு, கூரியர் இருக்கு, ஆஃபீஸ் ஃப்ரெண்ட் இருக்காரு, இன்னும் வாங்காத பீங்கான் செட் கூட இருக்கு. வீட்ல அந்த டீயை போட்டது யாருன்னு மட்டும் ஒரு வார்த்தை இல்ல. நீங்க போடலைங்கறது நல்லாவே தெரியுது, ஏன்னா தானே போட்டு பழகினவங்க யாரும் தூளை மட்டும் நம்பி கூரியருக்கு காசு கட்ட மாட்டாங்க.

சரி, அந்த ஆள் விஷயத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல பாவம் அந்த டீத்தூள் மேல விழுந்த பழியை துடைச்சுடலாம். கப்ல இருக்கறதுல பெரும்பங்கு தண்ணியும் பாலும் தான், தூள்லேந்து இறங்கறது கொஞ்சூண்டு. தூளை வரவழைச்சீங்க, வீட்டுத் தண்ணியை எப்படி வரவழைப்பீங்க? கால்சியம் ஜாஸ்தியா இருக்கற தண்ணில டீ போட்டா நிறம் மங்கிடும், ஆறினதும் மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் மிதக்கும், பால் ஊத்தாத டீலயும் மிதக்கும், நிறைய பேர் அதை கழுவாத பாத்திரம்னு நினைச்சு தேய் தேய்னு தேய்க்கறாங்க, ஆனா அது டீல இருக்கற பாலிஃபீனால்ங்கற துவர்ப்புப் பொருளும் தண்ணில இருக்கற கால்சியமும் காத்து பட்டு சேந்து பண்ற வேலை. நீங்க இருக்கற ஊர் மலை மேலன்னா இன்னும் ஒரு சங்கதி இருக்கு, 2000 மீட்டர் உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுடும், திறந்த பாத்திரத்துல எவ்வளவு நேரம் தளதளன்னு கொதிக்க விட்டாலும் அதுக்கு மேல சூடு ஏறாது, சாறு மெதுவா தான் இறங்கும். அப்புறம் பால். மாசக்கணக்குல கெடாம ஷெல்ஃப்ல உக்காந்திருக்கற பாக்கெட் பால் 135 டிகிரிக்கு மேல சில செகண்ட் சூடாக்கினது, அதுக்குன்னே ஒரு வெந்த வாசனை உண்டு. டீயோட துவர்ப்பை பிடிச்சு அடக்கறது பால்ல இருக்கற கேசீன்ங்கற புரோட்டீன், அதனால பால் அளவு கொஞ்சம் முன்ன பின்ன போனாலே நாக்கு கண்டுபிடிச்சுடும்.

டீ போடறதுக்கு சர்வதேச தரமே ஒண்ணு இருக்கு தெரியுமா, ஐஎஸ்ஓ 3103ன்னு பேரு, 1980ல வந்தது. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம் ஊறணும், பாத்திரம் எப்படி இருக்கணும்னு வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. இதே விஷயத்துக்கு பிரிட்டிஷ் தர நிறுவனம் 6 பக்கத்துக்கு விதிமுறை போட்டதுக்காக 1999ல அவங்களுக்கு இக் நோபல்னு கிண்டல் பரிசெல்லாம் கொடுத்தாங்க. ஆனா சிரிக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற புத்திசாலித்தனத்தை பாருங்க, அந்த தரம் ருசியான டீ போட சொல்லித்தரதுக்காக எழுதினதே கிடையாது, ரெண்டு தூளை ஒப்பிட்டு பாக்கணும்னா தண்ணி, அளவு, நேரம், பாத்திரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், அப்ப தான் வித்தியாசம் தூள்ல இருக்குன்னு அடிச்சு சொல்ல முடியும், அதுக்காக எழுதினது. நீங்க செஞ்சது தலைகீழ். தூள் ஒண்ணை மட்டும் அப்படியே வெச்சுட்டு மத்த எல்லாத்தையும் மாத்திட்டு டேஸ்ட் ஏன் மாறுச்சுன்னு எனக்கு லெட்டர் போடறீங்க.

ஃபில்டர் தண்ணி, நல்ல பால், அளவு எல்லாம் சரி பண்ணிட்டீங்கன்னா டேஸ்ட் கிட்டத்தட்ட வந்துடும். நீங்க கேட்ட ஃபீல் அப்பவும் வராது.

ஏன்னா அந்த ஃபீலுக்கு நாக்கை விட மூக்கு தான் முக்கியம். பாக்கறது கேக்கறதெல்லாம் மூளைல தாலமஸ்ங்கற இடத்தை தாண்டி தான் உள்ள போகணும், வாசனை மட்டும் அங்க நிக்காம உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கற பகுதிகளுக்கு குறுக்கு வழில போயிடும், அதனால தான் யோசிக்கறதுக்குள்ள மனசு எங்கயோ போயிடுது. இப்ப யோசிச்சு பாருங்க, வீட்ல அந்த வாசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு? நீங்க பக்கத்து ரூம்ல போர்வைக்குள்ள இருந்தீங்க, அடுப்பங்கரைல வேற யாரோ நின்னாங்க, வாசனை நடந்து உங்ககிட்ட வந்து எழுப்புச்சு. இப்ப நீங்களே அடுப்பு முன்னாடி நின்னு ஆவியை முகத்துல வாங்கறீங்க, மூக்கு கொஞ்ச நேரத்துலயே அந்த வாசனைக்கு பழகி மரத்துப் போயிடும், கப்பை வாய்கிட்ட கொண்டு போறப்ப புதுசா ஒண்ணும் தெரியாது. அடுத்தவங்க போட்ட டீ எப்பவும் ஒரு படி மேல இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், சோம்பேறித்தனம் இன்னொரு காரணம்.

அதோட, கப் உங்க கைக்கு தானா வந்துச்சு. சக்கரை எவ்வளவுன்னு யாரும் கேக்கல, சூடு போதுமான்னு கேக்கல, நீங்க எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, எந்த கப் பிடிக்கும், தலைவலின்னா கொஞ்சம் ஸ்ட்ராங்கா வேணும், கோவமா இருந்தா கப்பை வெச்சுட்டு பேசாம போயிடணும், இத்தனையும் ஒரு ஆளோட மண்டையில இருந்துச்சு. அந்த ஆளுக்கு அதே நேரத்துல யாராவது டீ போட்டு கொடுத்தாங்களான்னு நீங்க யோசிச்ச மாதிரி லெட்டர்ல தெரியல. நீங்க தேடறது அந்த கவனிப்பை. பாக்கெட்ல அது அடைச்சு வராது.

சூடான கப்பை கையில பிடிச்சாலே மனசு இளகும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா அதையும் முழுசா நம்பாதீங்க. 2008ல வில்லியம்ஸ், பார்க்னு ரெண்டு பேர் அப்படி ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, சூடான காபி கப்பை கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தவங்க முன்ன பின்ன தெரியாத ஆளை நல்ல மனுஷன்னு நினைச்சாங்களாம். உலகம் பூரா பரவுச்சு. அப்புறம் இன்னும் நிறைய ஆளுங்களை வெச்சு திரும்ப செஞ்சு பாத்தப்ப அந்த விளைவு வரல. டீல தியானின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, அது மனசை அமைதியாக்கும்னு பெட்டில அச்சடிக்கறாங்களே, அது இருக்கறது நிஜம், 1949லயே ஜப்பான்ல கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா நிறைய ஆராய்ச்சில 200 மில்லிகிராம் வரை கொடுத்து பாக்கறாங்க, உங்க கப்ல இருக்கறது அதுல சின்ன பங்கு.

இப்ப ஃப்ரெண்ட் சொன்ன அடிக்‌ஷன். அவர் பாதி தான் சரி. நாள் முழுக்க விழிச்சிருந்தா மூளைல அடினோசின்ங்கற வேதிப்பொருள் சேந்து தூக்கம் வரும், டீல இருக்கற கேஃபீன் அந்த அடினோசின் போய் உக்கார வேண்டிய சீட்ல தான் உக்காந்துக்கும். தினம் குடிச்சு பழகி திடீர்னு நிறுத்தினா 12லேந்து 24 மணி நேரத்துக்குள்ள தலைவலி ஆரம்பிக்கும், எரிச்சல் வரும், 2013ல வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இந்த நிறுத்தல் தொல்லையை சேத்துக்கிச்சு, ஆனா கேஃபீன் அடிமைத்தனத்தை இன்னும் ஆராயணும்னு தனியா ஒதுக்கி வெச்சுடுச்சு. அதாவது காலைல முதல் கப்ல வர 'அப்பாடா'ல ஒரு பங்கு ராத்திரி பூரா குடிக்காததோட கஷ்டம் தீர்றது தான், அதை வீட்டு ஞாபகம்னு கணக்கு எழுதாதீங்க. உங்க பிரச்சனை தூக்கம். குடிச்ச கேஃபீன்ல பாதி உடம்பை விட்டு போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சாயங்காலத்துக்கு மேல குடிச்சுட்டு ராத்திரி முழிச்சு கிடந்தா வீட்டு ஏக்கம் ஜாஸ்தியா தான் தெரியும், ராத்திரி 2 மணிக்கு எல்லா ஏக்கமும் ஜாஸ்தியா தான் தெரியும். அதனால சாயங்காலம் ஒண்ணோட நிறுத்துங்க. கொதிக்க கொதிக்க வாயில ஊத்தற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கறது உணவுக்குழாய் புற்றுநோய்க்கு காரணமா இருக்க வாய்ப்பு உண்டுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016லயே சொல்லிடுச்சு.

வீட்டுக்கு ஃபோன் போட்டு டீ எப்படி போடறதுன்னு கேளுங்க. அளவு கேட்டா "கண்ணளவு தான்"னு சொல்லுவாங்க, ஃபோனை வெச்சுடாதீங்க, வீடியோ கால்ல அவங்க அங்க போடறப்ப நீங்க இங்க போடுங்க, இவ்வளவு வருஷம் குடிச்சுட்டு இப்பவாவது கேட்டியேன்னு ரெண்டு திட்டு விழும், வாங்கிக்கோங்க. லீவு கிடைச்சா போயிட்டு வாங்க. 1688ல ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை வியாதின்னே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாரு, வேற எதுவும் கேக்கலைன்னா ஊருக்கு அனுப்பிடுங்கன்னு அவரே சொல்லிட்டாரு. ஊருக்கு போனா அங்க உக்காந்து கப்புக்கு காத்திருக்காம நீங்க எழுந்து எல்லாருக்கும் போடுங்க, முதல் நாள் கேவலமா தான் வரும்.

பீங்கான் செட் ஆசையா இருந்தா வாங்குங்க, சூடு கொஞ்சம் நிக்கும், அதுக்கு மேல ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. செட்டுன்னா ஒரு கப்போட வராது, மிச்ச கப்பெல்லாம் ஷெல்ஃப்ல தூசி வாங்கறதுக்கு பதிலா அந்த ஆஃபீஸ் ஃப்ரெண்டை ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு ஒண்ணை நீட்டுங்க, சக்கரை எவ்வளவுன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு. அடிக்‌ஷன்னு சொன்னதை வாபஸ் வாங்கறாரா பாப்போம்.