பளபளப்ப நம்பாதீங்க!

கேள்வி: பையன் கப் ஸ்கவுட்ல (சின்னப் பசங்களோட சாரணர் படை) இருக்கான், பைன்வுட் டெர்பிங்கற குட்டி மரக் கார் ரேஸுக்கு செய்யற காரோட ஆக்சில் நாலும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டாச்சு, ஆனா வீல சுத்திவிட்டா சட்டுன்னு நின்னுடுது. ஏன் சார்? (ஒரு அப்பா, டெக்சாஸ்)

பதில்: வெறும் கண்ணுக்கு எல்லாமே கண்ணாடிதாங்க. கிட்ல வர்ற ஆக்சில் சாதா ஆணிதான், மெஷின் கடிச்ச தடமும் தலைக்கு அடியில பிசிறும் இருக்கும், அந்தப் பிசிறுதான் வீல் ஹப்ல உரசி வேகத்த தின்னுடும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணுல மாட்டுற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி, டார்ச்ச சைடுல சாய்ச்சுப் புடிச்சு ஆணிய மெல்ல உருட்டிப் பாருங்க, வளையம் வளையமா கீறல் தெரிஞ்சா முந்தின உப்புத்தாள் தடம் போகலன்னு அர்த்தம். தலைக்கு அடியில ஃபைல் போட்டுட்டு 400, 600, 1000, 2000 நம்பர் உப்புத்தாள்ல வரிசையா தேய்ங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல துடைச்சுட்டு லென்ஸ்ல பாருங்க, அவசரப்பட்டு தாவுனா மறுபடி முதல்ல இருந்துதான் (நானும் தாவிருக்கேன்). கடைசியா உரசல் குறைய கிராஃபைட் பொடி போடுங்க. 1953ல கலிஃபோர்னியா மன்ஹாட்டன் பீச்ல ஆரம்பிச்ச ரேஸ் இது, தள்ளிவிட மோட்டார் கிடையாது, சரிவுல உருண்டுதான் ஓடணும். லென்ஸ பையன் கையில குடுங்க, அவன் கண்ணு நம்மளவிட ஷார்ப்பு.