கண்ணை மூடி விழுங்குவது ஏன்?

அன்புள்ள ஐயா,

மழை விட்டதும் எங்கள் வளவு முற்றத்துக்கு ஒரு தவளை வருகிறது. வண்டைப் பிடித்து, ஒவ்வொரு விழுங்கலுக்கும் கண்ணை மூடுகிறது. "ருசிச்சுத் திங்குது பாரு" என்கிறார்கள் ஆச்சி. காலையில் தூணடியில் கிடந்த எச்சத்தில் வண்டின் இறக்கை அப்படியே இருந்தது. அப்படியானால் எதைத்தான் செரிக்கிறது? பையன் ஊருணியில் பிடித்துவந்த தலைப்பிரட்டையின் வயிற்றில் கொசுவர்த்திச் சுருள் மாதிரி தெரிவது என்ன?

– ஒரு வாசகர், கோட்டையூர்

அன்புள்ள நண்பருக்கு,

மேலெல்லாம் மருவும், கண்ணுக்குப் பின்னால் தடித்த மேடும் இருந்தால் அது தேரை. அதற்குப் பல்லே கிடையாது. கண்மாய்த் தவளைக்கு மேல்தாடையிலும் அண்ணத்திலும் உண்டு, இரை நழுவாமல் பிடிக்க மட்டும். இரண்டுமே மெல்லுவதில்லை.

நாக்கு கீழ்த்தாடையின் முன்பக்கம் ஒட்டியிருக்கும். நுனி தொண்டையை நோக்கி மடிந்து கிடக்கும். அதை வெளியே வீசிப் பசையில் வண்டை ஒட்டி இழுத்துவிடுகிறது. ஒட்டியதைத் தொண்டைக்குள் தள்ளுவதுதான் பாடு. கண்குழிக்கும் வாய்க்கும் இடையில் எலும்புத் தடுப்பு இல்லாததால், உள்ளிழுத்த விழிகள் வாயின் கூரையை அழுத்தி இரையைத் தள்ளுகின்றன. வட அமெரிக்கச் சிறுத்தைத் தவளைகளுக்கு விழியை இழுக்கும் தசையின் நரம்பைத் துண்டித்துப் பார்த்தார்கள் (2004). ஒரு சிள்வண்டுக்குச் சராசரியாக 2.3 விழுங்கல் போதுமாயிருந்தது, துண்டித்தபின் 4 ஆகிவிட்டது. முக்கிய வேலை நாக்குக்குத்தான், கண் ஒத்தாசைக்கு. ஆச்சி சொன்னது முழுத் தப்பும் இல்லை. நாக்கில் சுவை மொட்டுகள் உண்டு, கசக்கும் பூச்சியைத் துப்பிவிடும்.

உணவுக்குழல் மிகக் குட்டை. இடப்பக்கம் இருக்கும் இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் புரதத்தைக் கரைக்கின்றன. மெல்லாத வண்டு என்பதால் சாறு மூட்டு இடுக்குகள் வழியாகத்தான் உள்ளே இறங்கவேண்டும். சதை கரையும், கைட்டின் என்ற கெட்டிப் பொருளாலான ஓடு பெரும்பாலும் தங்கிவிடும். நீங்கள் பார்த்த இறக்கை அதுதான். குளிர்ரத்தப் பிராணி ஆகையால் மார்கழியில் இந்த வேலை மந்தமாகிவிடும். ஒவ்வாததை விழுங்கிவிட்டால் சில தவளைகள் இரைப்பையையே வாய்வழி வெளியே புரட்டி, முன்காலால் வழித்துவிட்டு மறுபடி விழுங்கிக்கொள்ளும்!

இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் மேல்நோக்கி வளையும். அந்த வளைவுக்குள் கணையம். பித்தநீர் கொழுப்பைச் சிதறடிக்க, கணையநீர் மீதியைச் செரிக்கிறது. சத்து சிறுகுடலில் உறிஞ்சப்படும். மலம், சிறுநீர், முட்டை எல்லாவற்றுக்கும் வெளிவழி ஒன்றே, பொதுப்புழை.

பையன் பார்த்த சுருள் குடல்தான். பாசி தின்னும் வயதில் நீளக் குடல் வேண்டும். தைராய்டு சுரப்பு கூடி உருமாறும்போது அது வெகுவாகக் குட்டையாகிவிடும். முன்கால் வந்ததும் தீனி போடவேண்டாம். அப்போது அது தின்னாது, வால் கரைந்துதான் உடம்புக்குச் சத்து. மீந்த கீரை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தண்ணீரைக் குறைத்துச் சாய்வாக ஒரு கல் வையுங்கள், ஏறி வர வழியில்லாவிட்டால் குட்டி மூழ்கிச் சாகும்.