கணக்கு சரியாகத்தான் வருகிறது, பிறகு ஏன் சி?

பட்டர்வொர்த் அக்காவுக்கு வணக்கம்.

“கேஸ் ஸ்டடியில் சி வாங்கிய மகள் கணக்கியல் படிப்பை விட்டுவிடலாமா?” என்று நேற்று நீங்கள் போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நீங்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தீர்கள், என் எதிரே படிப்பு ஆலோசனைக்கு வந்த இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. இதே கேள்வியை இந்தத் தவணையில் மட்டும் நாலைந்து பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுத்திலேயே விரிவாகச் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் உதவும்.

உங்கள் மகள் இந்தப் படிப்பை விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக மீதியைப் படிக்கலாம்.

“எஸ்பிஎம்மில் (பள்ளி இறுதித் தேர்வில்) அக்கவுண்ட்ஸில் ஏ பிளஸ் எடுத்த பிள்ளை, இப்போது கேஸ் ஸ்டடியில் (ஒரு நிறுவனத்தின் கணக்கை அலசி எழுதும் பாடத்தில்) சி வாங்கியிருக்கிறாள். அவளுக்குக் கணக்கு வரவில்லை போல” என்றீர்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அசைன்மென்ட்டை இரண்டு தடவை படித்தேன். ஒரு நிறுவனத்தின் இரண்டு வருடக் கணக்கிலிருந்து பதினெட்டு விகிதங்கள் போட்டிருக்கிறாள். ஒன்றில்கூடத் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஒரே மாதிரி வாக்கியம்: “நடப்பு விகிதம் போன வருடம் 1.6, இந்த வருடம் 1.9, ஆகவே நிலைமை முன்னேறியிருக்கிறது.” (ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடிய சொத்தை, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய கடனால் வகுத்தால் வருவது நடப்பு விகிதம்.) விரிவுரையாளர் ஓரத்தில் நாலு இடத்தில் ஒரே சொல்லை எழுதியிருக்கிறார்: “ஏன்?”

அந்த “ஏன்”தான் சி. பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் முழு மார்க். இங்கே சமமாக வந்த பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது. இந்த மாற்றத்தை யாரும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை. நன்றாகப் படித்த பிள்ளைதான் இதில் அதிகம் அடிபடுகிறது, ஏனென்றால் பழைய வழியில் அதற்கு ஒருபோதும் மார்க் குறைந்ததில்லை.

உங்கள் அப்பா பிறையில் மளிகைக் கடை வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் 555 நோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் அடங்கும் அந்தக் கடன் நோட்டை வைத்தே உங்கள் மகளுக்கு இந்தப் பாடத்தைப் புரியவைக்கலாம். ஒரு மாதம் கடையில் 10,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வியாபாரம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சரக்கை 7,000 வெள்ளி ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார். மற்ற செலவுகளை விட்டுவிட்டால் லாபம் 3,000. ஆனால் விற்றதில் 4,000 வெள்ளி 555இல் எழுதியது. அப்படியென்றால் கையில் வந்தது 6,000, போனது 7,000. லாபம் 3,000 என்று ஏட்டில் இருக்கிறது, கல்லாவிலோ 1,000 வெள்ளி குறைகிறது. அடுத்த மாதச் சரக்குக்கு உங்கள் அப்பா யாரிடம் கைமாற்று வாங்கினார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது மகளின் அசைன்மென்ட்டுக்கு வாருங்கள். அந்த 1.6 எப்படி 1.9 ஆனது? அவள் கொடுத்த அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. கையிருப்புப் பணம் குறைந்திருக்கிறது, வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஏறியிருக்கிறது. அந்தப் பாக்கியும் நடப்புச் சொத்துதான், அதனால் விகிதம் உயர்ந்துவிட்டது. அவள் “முன்னேற்றம்” என்று எழுதிய இடத்தில் இருப்பது வசூலாகாத 555. இதைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லா எண்ணும் அவள் கையில் இருந்தது. பாக்கி ஏன் ஏறியது, பழைய பாக்கி எவ்வளவு, வராத கடனுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று மூன்று வரி எழுதியிருந்தால் அந்த சி மாறியிருக்கும்.

எனக்கும் இது ஒரே நாளில் வந்ததில்லை. இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் கோலாலம்பூரில் ஒரு சிறிய தணிக்கை நிறுவனத்தில் மூன்று வருடம் இருந்தேன். முதல் வருடம் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் எல்லா ரசீதையும் பார்த்து, எல்லா இடத்திலும் டிக் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என் மேலதிகாரி கோப்பைத் திறக்காமலே, “மூன்று வருடமாக லாபம். பிறகு ஏன் ஒவ்வொரு வருடமும் பேங்கில் கடன் கூடுகிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு திரும்ப உட்கார்ந்து பார்த்தபோதுதான், விற்காத சரக்கு கிடங்கில் குவிந்து கிடப்பது தெரிந்தது. ரசீது எல்லாம் சரிதான், நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கேஸ் ஸ்டடி என்றதும் பிள்ளைகள் மோசடி என்று நினைத்துவிடுகிறார்கள். யூடியூப் வீடியோக்களும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலான கேஸ்களில் யாரும் திருடவில்லை. சட்டப்படியே ஒரு கணக்கை இரண்டு விதமாக எழுதலாம், எந்த விதத்தில் எழுதினார்கள், ஏன் என்பதுதான் பாடம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் செம்பனை மரம். நம்மில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தாத்தா பாட்டி நட்ட மரம் பேலன்ஸ் ஷீட்டில் (சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில்) எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். இன்றைய விதிப்படி மரம் ஒரு இயந்திரத்தைப் போல, ஆலை, கட்டடங்களோடு நிரந்தரச் சொத்தாக நிற்கிறது. அதன் மேல் இருக்கும் பழக்குலை தனி, அதை அன்றைய நியாய விலைக்கு மதிப்பிட வேண்டும். ஒரே மரம், இரண்டு கணக்கு. கன்று நட்டு மூன்று வருடம் போல் ஆகும் காய்ப்புக்கு வர, அதுவரை ஆகும் செலவு மரத்தின் மதிப்போடு சேரும். காய்க்கத் தொடங்கியதும் தேய்மானம் எழுத வேண்டும், அதாவது அந்தச் செலவை மரம் பயன் தரும் வருடங்களுக்குப் பிரித்து எழுத வேண்டும். சுமார் 25 வருடத்தில் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மரங்களுக்கு ஆன செலவு 1 கோடி ரிங்கிட் என்று வையுங்கள். பயன் தரும் காலம் 20 வருடம் என்று நிர்வாகம் முடிவு செய்தால் வருடத் தேய்மானம் 5 லட்சம். 25 வருடம் என்றால் 4 லட்சம். வருடத்துக்கு லாபம் ஒரு லட்சம் கூடிவிட்டது, ஒரு குலைகூடக் கூடுதலாக வெட்டவில்லை. 25 வருடம் என்பது தப்பான முடிவும் இல்லை. ஆனால் இரண்டு தோட்ட நிறுவனங்களின் லாபத்தை ஒப்பிடும் மாணவி, கணக்குக் கொள்கை பற்றிய குறிப்பைத் திறந்து இந்த எண்ணைப் பார்க்காமல் “அ நிறுவனம் ஆ நிறுவனத்தைவிட லாபகரமானது” என்று எழுதினால், அவள் மரங்களை ஒப்பிடவில்லை, இரண்டு நிர்வாகங்களின் கணிப்பைத்தான் ஒப்பிட்டிருக்கிறாள்.

குத்தகையும் இப்படித்தான். எம்எஃப்ஆர்எஸ் 16 என்ற மலேசியக் கணக்கு விதி 2019 ஜனவரி 1 முதல் வந்தது. அதுவரை வாடகைச் செலவாக மட்டும் இருந்த பல நீண்டகாலக் குத்தகைகள் சொத்தாகவும் கடனாகவும் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்துவிட்டன. பேரங்காடி நடத்தும் நிறுவனத்தின் 2018, 2019 கணக்கை அருகருகே வைத்தால், ஒரே வருடத்தில் பெரிய கடன் வாங்கியது போலத் தெரியும். நிறுவனம் மாறவில்லை, அதை எழுதும் விதி மாறியிருக்கிறது.

சரி, மோசடிக் கேஸ்களும் படிக்கத்தான் வேண்டும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்ட்காம் 2002இல் மாட்டியபோது முதலில் வெளியே வந்த தொகையே 380 கோடி டாலர். செய்தது என்ன? மற்ற தொலைபேசி நிறுவனங்களின் கம்பித் தடத்தைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதினார்கள். மாத வாடகை கட்டிவிட்டு, “வீடு வாங்கினேன்” என்று எழுதுவதற்குச் சமம். அதைத் தோண்டி எடுத்தது அதே நிறுவனத்தின் உள்தணிக்கைக் குழு, அதன் தலைவி சிந்தியா கூப்பர். பெண்பிள்ளைகளிடம் இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன். இந்தியக் கணினி நிறுவனமான சத்யம் வேறு விதம். 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு தானே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். கணக்கில் மிக எளிதான வரி பேங்க் இருப்பு என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்த வரியையே பொய்யாக எழுத முடியும்.

நம் நாட்டிலும் உண்டு. டிரான்ஸ்மைல் என்ற விமானச் சரக்கு நிறுவனத்தின் 2006 கணக்கு 2007இல் சிக்கியது. விற்பனைக்கும் வர வேண்டிய பாக்கிக்கும் ஆடிட்டர் கேட்ட ஆவணங்கள் கிடைக்கவில்லை. அப்புறம் நடந்த சிறப்புத் தணிக்கையில் வருமானத்தை ஊதிக் காட்டியிருந்தது தெரிந்தது, லாபம் என்று அறிவித்தது நஷ்டமாக மாறியது. 2011இல் அதன் தணிக்கைக் குழுவில் இருந்த முன்னாள் சுயேச்சை இயக்குநர்கள் இருவருக்கு செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு வருடச் சிறையும் 3 லட்சம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2021இல் செர்பா டினாமிக் என்ற எண்ணெய், எரிவாயுச் சேவை நிறுவனத்தின் கணக்கில் ஆடிட்டர் கேபிஎம்ஜி கேள்வி எழுப்பியபோது, நிறுவனம் ஆடிட்டர் மேலேயே வழக்குப் போட்டது. “ஏன்” என்று கேட்பது எவ்வளவு கனமான வேலை என்று உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இனி அவள் செய்ய வேண்டியது. நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில், சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது. டியூஷன் காசு வேண்டாம். அவளுக்குப் பழக்கமான ஒரு தொழிலை எடுக்கட்டும். உங்களுக்கு நீங்கள் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை தெரியும், ஆகவே மின்னணுப் பொருள் செய்யும் நிறுவனம் என்றால் வீட்டிலேயே பேச ஆள் இருக்கிறது. வருடக் கடைசியில் உங்களை ஸ்டாக் எண்ணச் சொல்வார்கள், ஆடிட்டர் வந்து பக்கத்தில் நிற்பார் என்றீர்களே, அவர் ஏன் நிற்கிறார், பழைய மாடல் உதிரிப் பாகத்தை ஏன் தனியாக வைக்கச் சொல்கிறார் என்று மகளுக்குச் சொல்லுங்கள். புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் விஷயம் உங்கள் கையில் முழுதாக இருக்கிறது.

படிக்கும்போது விகிதத்தில் தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் ஆடிட்டர் அறிக்கை. 2016 டிசம்பர் முதல் பட்டியல் நிறுவனங்களின் அறிக்கையில், தணிக்கையில் எந்த விஷயங்கள் தங்களுக்கு மிக முக்கியமாக இருந்தன என்று ஆடிட்டரே எழுத வேண்டும். கேஸ் ஸ்டடி மாணவிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அடுத்து, லாபத்தையும் செயல்பாட்டிலிருந்து வந்த பணத்தையும் ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். இரண்டும் விலகும் வருடத்தில் நின்று, அந்த வருடத்தின் குறிப்புகளைத் திறக்கட்டும்: பாக்கியின் வயது, சரக்கு, உறவுடைய தரப்புகளோடு (இயக்குநர்களின் குடும்பம், அவர்களின் மற்ற நிறுவனங்கள் போன்றவை) நடந்த பரிவர்த்தனை. தலைவர் உரை கடைசியில், அதுவும் எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும். மாதம் ஒரு நிறுவனம், இரண்டு பக்கக் குறிப்பு. ஆறு மாதம் போதும். நான் பார்த்த பிள்ளைகளில் இதை உண்மையாகச் செய்தவர்கள் நேர்முகத் தேர்வில் பேசும் விதமே மாறிவிட்டது.

இந்த ஒரு பாடத்தோடு கேஸ் முடிந்துவிடும் என்று அவள் நினைத்தால், அதையும் இப்போதே தெளிவாக்கிவிடுங்கள். ஏசிசிஏ என்ற தொழில்முறைக் கணக்காளர் தகுதியின் கடைசிக் கட்டத்தில் ஒரு முழுத் தாளே கேஸ் ஸ்டடி. நிர்வாகக் கணக்காளர்களுக்கான சீமா தகுதியில் மூன்று தொழில்முறை நிலைகளில் ஒவ்வொன்றின் முடிவிலும் கேஸ் ஸ்டடித் தேர்வு உண்டு. அவள் படிக்கும் பட்டம் 1967 கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா என்று மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏவில் பார்த்துவிடுங்கள். இருந்தால் பட்டத்துக்குப் பிறகு மூன்று வருட வேலை அனுபவத்தோடு எம்ஐஏ உறுப்பினராக விண்ணப்பிக்கலாம்.

அவளுடைய பெரியப்பா சொன்னதைப் பற்றியும் என்னிடம் கேட்டீர்கள்: “கம்ப்யூட்டரே கணக்கு எழுதும் காலத்தில் இது எதற்கு?” அவர் சொல்வதில் பாதி உண்மை. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயமாகிக்கொண்டு வருகிறது. பில்லைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை குறையும். அந்த வேலையை நம்பி அவள் படித்தால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் பேங்கில் ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர், உள்தணிக்கையாளர், தொழிற்சாலையில் ஒரு பொருளுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று சொல்பவர், வரி அதிகாரி ஆகியோரெல்லாம் கணக்கைப் படிப்பவர்கள். விரிவுரையாளர் சிவப்பு மையில் “ஏன்?” என்று கேட்டது அந்த வேலைக்குத்தான்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இரண்டே. பாடத்தை விலக்கிக்கொள்ளும் விண்ணப்பத்தில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த சி பற்றி வீட்டில் யாரும் ஒரு வாரம் பேச வேண்டாம், பெரியப்பாவும்தான்.

சனிக்கிழமை காலை அவளை என் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். விரிவுரையாளர் “ஏன்?” என்று எழுதித் தந்த அதே அசைன்மென்ட் தாளைக் கொண்டுவரட்டும், புதிதாக எழுத வேண்டாம். அப்பாவின் பழைய 555 நோட்டு ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கொடுத்து அனுப்புங்கள், அக்கா. அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.