கொடி ஓடுகிறது, பூ மட்டும் வரவில்லை: வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி

கேள்வி: ஐயா, எங்கள் வீடு குலசேகரம் பக்கம். 'எவர்பேரிங்' வகை, வருஷம் முழுக்கக் காய்க்கும் என்று சொன்னதால் ஏப்ரலில் ஆறு ஸ்ட்ராபெர்ரி நாற்று வாங்கினேன். மொட்டை மாடியில் தொட்டியில் வைத்து, வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். இலை செழிப்பாக இருக்கிறது, கொடி கொடியாக ஓடுகிறது. ஐந்து மாசமாகியும் ஒரு பூகூட இல்லை. இரண்டு செடி மழையில் குருத்து அழுகிப் போய்விட்டது. நான் எங்கே தவறினேன்?

பதில்: சகோதரி, உங்கள் கவனிப்பில் பெரிய குறை இல்லை. 'வருஷம் முழுக்க' என்ற வார்த்தைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. ஸ்ட்ராபெர்ரியில் பகல் குறையும்போது பூப்பவை, பகல் நீளும்போது பூப்பவை, பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்க்காதவை என்று மூன்று குணம் உண்டு. பழைய எவர்பேரிங் ரகங்கள் இரண்டாவது குணம் கொண்டவை. கோடையில் 14, 15 மணி நேரம் வெளிச்சம் இருக்கும் குளிர்நாடுகளுக்கு அவை ஏற்றவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஆனி மாசத்து நீண்ட பகல்கூட ஏறக்குறைய 12 மணி 35 நிமிடம்தான்.

அதைவிடப் பெரிய தடை இரவுப் புழுக்கம். இரவு குளிர்ந்தால்தான் இந்தச் செடி மொட்டு எடுக்கும். பகல் 30 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் பெரும்பாலான ரகங்கள் பூவை நிறுத்திவிட்டுக் கொடி விடும். உங்கள் தொட்டியில் நடந்தது இதுதான். போதாததற்குப் புண்ணாக்குக் கரைசலின் தழைச்சத்து இலையையே வளர்த்துவிட்டது. அதை இன்றே நிறுத்துங்கள்.

நம் ஊரில் ஸ்ட்ராபெர்ரியை மார்கழி முதல் மாசி வரைக்குமான செடியாக நினைப்பதே நல்லது. மகாபலேஸ்வரத்திலும் ஊட்டியிலும் காய்ப்பதுபோல இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பறித்துத் தின்னும் அளவுக்குக் கிடைத்தால் சந்தோஷப்படலாம். கீரிப்பாறை, மாறாமலை போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. ஓடும் கொடிகளில் நல்ல கணு நாலைந்தை மட்டும் சின்னப் பைகளில் பதித்து வேர் பிடிக்க விடுங்கள், மற்றதை நறுக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மேலே விழாதபடி பாலிதீன் மறைப்புக்குள் வைத்துத் தேற்றுங்கள். கார்த்திகைக் கடைசியில் பெரிய தொட்டிக்கு மாற்றினால், குளிர்ச்சியான மாசங்கள் முழுசாகக் கிடைக்கும். புதிதாக நாற்று வாங்குவதானால் வின்டர் டான் அல்லது கேமரோசா கேளுங்கள். இவை பகல் குறைவில் பூப்பவை, நம் பகல் இவற்றுக்குத் தடையே இல்லை. பகல் நீளம் பார்க்காத ஆல்பியனையும் வைத்துப் பார்க்கலாம். விதைப் பொட்டலம் மட்டும் வாங்காதீர்கள். கலப்பின ரகங்களின் விதை தாயைப்போல வராது.

நடும்போது ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். இலைகள் கிளம்பும் குருத்துப்பகுதி மண்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அது புதைந்து, மேலே மழையும் விழுந்தால் அழுகல்தான். உங்கள் இரண்டு செடியும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். நம் மேற்குப் பகுதி மண்ணில் அமிலத்தன்மை உண்டு, ஸ்ட்ராபெர்ரிக்கும் லேசான அமிலம்தான் பிடிக்கும். அதனால் சுண்ணாம்பு போட வேண்டாம். நார்க்கழிவை மட்டும் மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து சேருங்கள். உப்பு இருந்தால் இந்தச் செடி தாங்காது, இலை ஓரம் கருகும். குளச்சல், முட்டம் பக்கம் உவர்க்கிணறு வைத்திருப்பவர்கள் மழைநீர் சேமித்து ஊற்றுவதே வழி.

கான்கிரீட் மாடியின் சூடு வேரைத் தாக்கும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், முடிந்தால் மண்தொட்டி. காலை வெயில் பதினோரு மணிவரை பட்டு, அதன்பின் நிழல் விழும் கிழக்குத் திண்ணை இதற்கு மாடியைவிட மேல். மண்மேல் வைக்கோல் பரப்புங்கள். ஈரம் காயாது, பழமும் மண்ணில் படாது.

முதல் ஆறு வாரம் பூவைக் கிள்ளச் சொல்வார்கள். நமக்குக் காலம் குறைவு, முதல் பூங்கொத்தை மட்டும் கிள்ளினால் போதும். மொட்டு வந்தபின் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்ற சாம்பல்சத்து உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேருக்கு ஊற்றுங்கள். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் இருக்கும் குளோரைடை உப்புத் தாங்காத இந்தச் செடி தாங்காது. தேனீ வராத இடமென்றால் மென்தூரிகையால் பூவின் நடுவை மெல்லச் சுற்றித் தடவுங்கள், இல்லையென்றால் பழம் கோணலாகும். மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம். இலைக்கு அடியில் செஞ்சிலந்தி தெரிந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு மூன்று மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, மாலையில் தெளியுங்கள்.

பூத்து ஏறக்குறைய ஒரு மாசத்தில் பழம் சிவக்கும். காம்படி வரை சிவந்தபின், காலையிலேயே பறியுங்கள். அரைச்சிவப்பில் பறித்து வைத்தால் நிறம் ஏறும், இனிப்பு ஏறாது.