தம் பத்தாதது யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 34, கணவருக்கு 37. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தினமும் காலையில் சேர்ந்து ஓடுகிறோம். ஞாயிறு மட்டும் 5 கிலோமீட்டர், முழு வேகத்தில். மூன்றாவது கிலோமீட்டரிலேயே எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, மறுநாள் கழுத்தும் தோளும் வலிக்கின்றன. அவர் அசராமல் ஓடிவிட்டு, முடித்ததும் விலாவில் பிடிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். "உனக்குத் தம் பத்தாது" என்கிறார். என் நுரையீரல் பலவீனமா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லையம்மா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டே ஓட்டத்தை நிறுத்திவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நிறுத்த வேண்டாம்.

மூச்சு விடுவதும் தசை செய்கிற வேலைதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். முழு மூச்சாக ஓடும்போது நல்ல பயிற்சி உள்ளவருக்கு அது 100 லிட்டரைத் தாண்டும். அவ்வளவையும் இழுத்துத் தள்ளுவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் என்ற தசையும் விலாத் தசைகளும் கழுத்துத் தசைகளும். கால் களைப்பதுபோல இவையும் களைக்கும். அப்படிக் களைக்கும்போது உடல் காலுக்குப் போகிற ரத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். கடைசி கிலோமீட்டரில் கால் கல்லாகக் கனக்க இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் விஷயம். நுரையீரல் ஒரே அளவு இருந்தாலும், பெண்களுக்குப் பெரிய மூச்சுக்குழாய்கள் ஆண்களைவிடக் குறுகல். ஜிகர்தண்டாவை ஒல்லி ஸ்ட்ராவில் உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். அதே அளவு காற்றுக்கு நீங்கள் கூடுதலாக உழைக்கிறீர்கள், அதனால்தான் மூச்சு முன்னாலேயே வாங்குகிறது.

ஆனால் கனடாவில் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் கணவரிடம் அவசியம் சொல்லுங்கள். பயிற்சி பெற்ற ஆண்களையும் பெண்களையும் இனி முடியாது என்கிற வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு உதரவிதானத்துக்குப் போகிற நரம்புக்குக் கழுத்துப் பக்கம் காந்தத் தூண்டல் கொடுத்து அதன் பலத்தை அளந்தார்கள். பெண்களின் உதரவிதானம் ஆண்களுடையதைவிடக் குறைவாகத்தான் களைத்திருந்தது! பெண்கள் விலா, கழுத்துத் தசைகளையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதால் சுமை பங்கிடப்படுகிறது என்பது ஒரு விளக்கம். ஓடி முடித்ததும் கண்ணாடியில் பாருங்கள்: காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை இரண்டு தசைகள் கயிறுபோல விறைத்து நிற்கும். உங்கள் வலி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். தோள் காதை நோக்கி ஏறும்போதெல்லாம் கையை உதறி இறக்கிவிட்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். முடித்த பிறகு குனிந்து முழங்காலில் கை ஊன்றி நிற்பதில் தவறே இல்லை, அது மூச்சுத் தசைகளுக்கு உதவும். மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாரக்கணக்கில் விடாமல் செய்தால் ஓரளவு பலன் உண்டு, ஆனால் இப்போதே அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

அதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12-க்குக் கீழே இருந்தால் மூச்சு வாங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் இருமலோ, நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் ஆஸ்துமாவுக்கும் பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம், கணவரின் விலாப் பிடிப்பு. ஓடுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் அப்படிப் பிடிக்கும், அதை வைத்து உதரவிதானம் களைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் முன்னதாகவே சாப்பிடச் சொல்லுங்கள். ஆனால் வலி நடு நெஞ்சுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மைதானத்திலிருந்தே 108-ஐ அழையுங்கள்.