முன்பல் இடைவெளிக்குப் பயந்து கழற்ற வேண்டாம்

அண்ணத்தை (மேல்வாயை) விரிக்கும் கருவி போட்டு அதன் திருகைத் திருப்ப ஆரம்பித்ததும் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்துவிட்டது, கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள். அண்ணத்தின் நடு எலும்புப் பொருத்து திறந்தால்தான் பெரும்பாலும் அந்தச் சந்து வரும், எனக்கும் வந்தது, அப்புறம் க்ளிப் போட்டதும் மூடிவிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லைப் பிடித்துத் தள்ளினாலே எலும்பு விரியும். நம் வயதில் பொருத்து இறுகியிருப்பதால் பல்லை மட்டும் பிடிக்கும் கருவி பல்லை வெளிப்பக்கம் சாய்த்துவிடலாம், ஈறும் இறங்கலாம், அதனால்தான் அண்ண எலும்பிலேயே குட்டி ஸ்க்ரூ இறக்கிக் கருவியைப் பொருத்துகிறார்கள், அதற்கும் அசையாவிட்டால் அறுவை சிகிச்சை. உங்களுக்கு எந்த வகை என்று எழுதவில்லையே? மயிலாடுதுறையிலிருந்து அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். திருகின் கால் சுற்றுக்குப் பொதுவாக 0.25 மி.மீ. தான் விரியும், அவசரப்பட்டு அவர் சொன்னதற்கு மேல் திருப்ப வேண்டாம்.

திருப்பி முடித்தாலும் புது எலும்பு நிரம்ப 6 மாதம் போல கருவி வாயிலேயே இருக்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! பேச்சு கொஞ்ச நாள் குழறும், சத்தமாகப் பேப்பர் படித்தால் சீக்கிரம் பழகும். சாப்பாட்டுக்கு நம் பக்கத்துப் பாசிப்பருப்புக் குழம்பான கடப்பாவில் ஊறிய இட்லி போதும். சீவல் போடும் பழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள், துணுக்கெல்லாம் கருவிக்கு மேலே போய் அடைந்து ஈறு வீங்கும். ஸ்க்ரூ ஆடினாலோ சீழ் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் உடனே போன் பண்ணுங்கள்.