கைரல் (ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத) பல்லேடியம்-அல்லைல் (மூன்று கார்பன் தொகுதி) அணைவின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) முகடுகள் அகன்று இரண்டு தொகுதிகளாக வருகின்றன. மாசா, மூலக்கூறின் இயக்கமா?

சுத்திகரிக்க மறுபடி குரோமட்டோகிராபி காலம் (column) போட வேண்டாம், முதலில் இயக்கத்தைச் சோதியுங்கள். உங்கள் ஈனி (உலோகத்தைப் பிடித்திருக்கும் மூலக்கூறு) பாஸ்பரஸ்-நைட்ரஜன் வகை, அல்லைல் பதிலீடற்றது, இரண்டு தொகுதிகளின் விகிதம் சுமார் 3:2 என்கிறீர்கள். அல்லைலின் நடுக்கார்பன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து எக்ஸோ, எண்டோ என இரண்டு டயாஸ்டீரியோமர்கள் (ஆடிப்பிம்பங்கள் அல்லாத வடிவங்கள்) உண்டு. கரைசலில் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும்.

10 மில்லிகிராமை 0.6 மில்லிலிட்டர் டியூட்டரேற்ற டைகுளோரோமீத்தேனில் கரைத்து, நோயெசி (NOESY) எனும் இருபரிமாண என்.எம்.ஆர். நிரலை 0.5 நொடி கலப்பு நேரத்தில் ஓட்டுங்கள். மூலைவிட்டத்தின் அதே குறியில் வரும் குறுக்கு முகடு பரிமாற்றம், எதிர்க்குறி என்.ஓ.ஈ. (அருகருகே உள்ள அணுக்கருக்களின் விளைவு). ஆனால் மைனஸ் 80 டிகிரியில் இந்த விதியை நம்பாதீர்கள். கரைசல் கெட்டியாகி மூலக்கூறு மெதுவாகச் சுழலும்போது என்.ஓ.ஈ.-யும் அதே குறிக்கு வந்துவிடும். குறுக்கு முகடே இல்லையென்றாலும் மாசு என்று முடிவுகட்ட முடியாது. மாற்றம் மெதுவாக இருக்கலாம், 10 டிகிரி ஏற்றிப் பாருங்கள்.

யார் யாரோடு மாறுகிறார்கள் என்பதில்தான் வழிமுறை இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் சின், ஆன்ட்டி ஹைட்ரஜன்கள் (நடுக்கார்பனின் ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் சின், எதிர்ப்பக்கம் ஆன்ட்டி) இடம் மாறினால் அது ஈட்டா-3, ஈட்டா-1, ஈட்டா-3 பாதை: அல்லைல் மூன்று கார்பன்களாலும் பிடித்து, பின் ஒன்றால் மட்டும் பிடித்து, மீண்டும் மூன்றாலும் பிடிப்பது. மாற்றம் நடந்த முனைக் கார்பன்தான் சிக்மா பிணைப்பில் பல்லேடியத்தைப் பிடித்திருந்தது. விட்டது மறுமுனை, பெரும்பாலும் பாஸ்பரஸுக்கு எதிரே உள்ளது. சின் சின்னாகவே இருந்து, பாஸ்பரஸுக்கு எதிரே இருந்த முனை நைட்ரஜனுக்கு எதிரே போனால் அது அல்லைலின் தோற்றச் சுழற்சி (அல்லைல் சுழன்றதுபோலத் தெரிவது). முனைகளை அடையாளம் காண கார்பன்-13 உதவும்: பாஸ்பரஸுக்கு எதிரேயுள்ள கார்பன் கீழ்ப்புலத்தில் (அதிக ppm பக்கம்), பாஸ்பரஸால் பிளந்து தெரியும்.

இந்தச் சுழற்சியைக் கிளப்பிவிடும் திருடன் பெரும்பாலும் குளோரைடுதான். வெள்ளி உப்பு போட்டபின் சரியாக வடிகட்டாத மாதிரியில் சிறிது தங்கினாலே வேகம் ஏறும். சோதிக்க, 0.1 மோலார் டெட்ராபியூட்டைல்அம்மோனியம் குளோரைடு 6 மைக்ரோலிட்டர் விடுங்கள் (அணைவின் மூலக்கூறு எடை 800 என்றால் 5 மோல் சதவீதம்). முகடுகள் இன்னும் அகன்றால் விடை கிடைத்தது. அசிட்டோநைட்ரைலில் ஓட்டாதீர்கள், அதுவே பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு முகடுகள் ஒன்றிணையும் வெப்பநிலையில் மாற்றத்தின் வேக மாறிலி, முகடுகளுக்கு இடையே ஹெர்ட்ஸில் உள்ள இடைவெளியின் 2.22 மடங்கு. 25 டிகிரியில் 180 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400, மாற்றத்துக்கான ஆற்றல் தடை சுமார் 58 கிலோஜூல்/மோல். இது சம அளவு இனங்களுக்கான கணக்கு. உங்கள் 3:2-க்குக் கோட்டுவடிவப் பொருத்தம்தான் (கணினியில் கணித்த முகடு வடிவத்தை அளந்ததோடு பொருத்துவது) செய்ய வேண்டும்.